வெள்ளிக்கிழமை நடிப்புச் சண்டை

வெள்ளிக்கிழமை காலையில் விருந்தாளிகள் மூச்சுப் பயிற்சியை முடிப்பதற்குள் ஒரதை கையில் துணி சுற்றி முடித்திருக்க வேண்டும். அது முதலாளி மானோப்பின் கட்டளை. ஒரு வாரம் இந்தத் தீவில் தங்கி, விடிந்ததும் கடலைப் பார்த்து உட்கார்ந்து மூச்சு விட்டு, பச்சை ஜூஸ் குடித்து, துடுப்புப் படகில் பாறை வரை போய் வந்து, மூலிகை ஆவியில் வெந்து, 'உள்ளே இருந்த அழுக்கெல்லாம் போய்விட்டது' என்று கண் கலங்குகிறவர்களுக்குக் கடைசி நாளில் ஒரு வேடிக்கை காட்டியாக வேண்டும். மணலில் நீலப் பாய் விரிப்பார்கள். ஓர் ஆண் ஒரதையின் மேல் பாய்வான். அவள் அவனை அடித்துக் கீழே தள்ளுவாள். பெண்ணின் சக்தியைப் பற்றி மானோப் மைக்கில் ஆங்கிலத்தில் உருகுவான். எல்லாரும் கை தட்டுவார்கள். ஓர் அடிகூட உண்மையில் விழாது.

ஒரதைக்கு இந்த வேலையை நினைத்தாலே வாந்தி வரும். முவாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டையில், நிஜமான மேடையில் நிஜமான பெண்களோடு மோதி, மூக்கு உடைந்து, பல் போய், பெயர் வாங்கியவள் அவள். இடது முழங்கால் நகர்ந்து போனபிறகு மேடை அவளை மறந்துவிட்டது. மானோப் ஒருவன்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தான். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் பொய்யடி அடித்துக் கும்பிடு போட்டு வந்தாள்.

இந்த வாரம் அவள் மனசு வேடிக்கையிலேயே இல்லை. அக்கரையிலிருந்து வந்த படகில் தங்கை ஜியாப் வந்து இறங்கியிருந்தாள். காலில் செருப்பில்லை, கையில் பை இல்லை. இடது காதிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்து கிடந்தது. யார் அடித்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் புருஷன் பன்யாட் அக்கரையில் ஒரு சண்டைக்கூடத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். அங்கே மிச்சமாகிற அடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டிக்குக் கொடுப்பவன்.

இது முதல் தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஜியாப் ஓடி வருவாள், சாப்பிடாமல் அழுவாள். அவன் வந்து வாசலில் மண்டி போட்டுக் கையெடுத்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அவன் பின்னாலேயே போய்விடுவாள். இந்தத் தடவை அனுப்புவதில்லை என்று ஒரதை முடிவு கட்டிவிட்டாள். மூலிகை ஆவிக் குடிசையைப் பார்த்துக்கொள்ளும் சம்லி அக்காவிடம் தங்கையை ஒப்படைத்தாள். எலுமிச்சம்புல் நறுக்கவும் அடுப்பு தள்ளவும் ஜியாப் அங்கே உட்கார்ந்துகொண்டாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் ஒரதை கேட்கவில்லை. கேட்டால், திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

"ஒரதை, உன்கூடச் சண்ட போடுற பையனுக்கு டெங்கு," என்று மானோப் மைக்கைத் துடைத்துக்கொண்டே வந்தான். "கவலப்படாத. அக்கரையிலேர்ந்து ஒருத்தன வரவழைச்சிருக்கேன். அவனே போன் பண்ணி வேலை கேட்டான். நல்ல உடம்பு. முதுகு பூரா மந்திர யந்திரமாப் பச்சை குத்தியிருக்கான், போட்டோல அள்ளும்."

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பன்யாட் வந்தான். நெஞ்சுக்கு மேல் கை குவித்து, தலை தாழ்த்தி, குறை சொல்ல முடியாத ஒரு கும்பிடு போட்டான்.

"நல்லா இருக்கியாக்கா?"

ஒரதை கையில் சுற்றிய துணியை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு," என்றான் மானோப்.

"சொந்தக்காரங்க மொதலாளி," என்றான் பன்யாட். "ரொம்ப நெருங்கின சொந்தம்."

"அப்ப சிரிங்க. ஒரதை, மூஞ்சிய உம்முனு வச்சுக்காத. விருந்தாளிங்க பயந்துருவாங்க."

விருந்தாளிகள் பாயைச் சுற்றி மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மானோப் மைக்கில் ஆரம்பித்தான். அவன் பேசுகிறவரை இருவரும் நடுப்பாயில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். நின்றார்கள். சிரித்தார்கள். தாய்லாந்து மொழி தெரிந்த விருந்தாளி ஒருத்தரும் இல்லை.

"அவ எங்க, அக்கா?" என்றான் பன்யாட், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே.

"செத்துட்டா. போய்ச் சேரு."

"மத்தியானப் படகுல கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நீ குறுக்க நின்னா இந்த நொண்டி முழங்காலையும் ஒடச்சுட்டுப் போவேன். எல்லாரும் நடிப்புன்னு நெனச்சுக் கை தட்டுவாங்க. எவ்வளவு வசதி பாரு."

"நடிப்பு வேணாம்டா. நெஜமாவே அடிச்சுக்கலாம். நான் உன்னக் கீழ போட்டா இந்தத் தீவுல இனிமே உன் கால் படக்கூடாது."

"நான் உன்னப் போட்டா?"

ஒரதை ஒரு நொடி யோசித்தாள். "கூட்டிட்டுப் போ."

"சொல்லிட்டல்ல?"

"உன் ஆசான் மேல சத்தியம் பண்ணு."

பன்யாட் குனிந்து பாயைத் தொட்டான். அதே கையைப் பிடரியில் வைத்தான். முதுகில் குத்திய யந்திரங்களில் முதல் எழுத்து அங்கேதான் இருந்தது. குத்திய ஆசானின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தான். வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். முவாய்க்காரர்களுக்கு ஆசான் மேல் செய்த சத்தியம் போலீஸில் எழுதிப் போட்ட கையெழுத்தைவிடப் பெரியது. ஒரதை முழுக்க முழுக்க நம்பினாள். பந்தயம் வைக்கத் தங்கை என்ன சேவலா என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

இதெல்லாம் காதில் விழுந்தது சம்லி அக்காவுக்கு மட்டும். பாய் ஓரத்தில் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், கெட்டிலை மணலிலேயே வைத்துவிட்டு ஆவிக் குடிசையைப் பார்த்து ஓடினாள்.

முதல் காட்சியில் ஆண் பின்னாலிருந்து கழுத்தைப் பிடிப்பான். பெண் முழங்கையால் வயிற்றில் தொடுவாள். அவன் 'ஐயோ' என்று விழுவான். பன்யாட் பிடித்தான். பிடி இறுகியது. அவன் கை எலும்பு தொண்டைக் குழியில் ஏறியது. ஒரதையின் கண் முன்னால் கடல் கறுத்தது. அவள் முழங்கையை வீசினாள், வயிற்றைத் தொடுவதற்காக அல்ல, விலாவைப் பிளப்பதற்காக. ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவதில் பிடி தளர்ந்தது. அவன் விழவில்லை. திரும்பி நின்று, அடி தாங்கப் போட்டிருந்த மெத்தைச் சட்டையைக் கழற்றி வீசினான்.

முதுகில் புலியும் எழுத்துகளும் கோபுரங்களுமாக யந்திரம் பளபளத்தது. விருந்தாளிகள் 'ஆ' என்றார்கள். செல்போன்கள் மேலே எழுந்தன. மானோப் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அடுத்த அடி ஒரதையின் வாயில் விழுந்தது. உள் உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. வெறும் கை, உறை கிடையாது. அவள் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு முன்னே போனாள். அவன் காலால் அவளுடைய இடது முழங்காலைத் தேடினான். இரண்டு தடவை தப்பினாள். மூன்றாவது உதை நேராக அந்தப் பழைய காயத்திலேயே இறங்கியது. வலி இடுப்புவரை மின்சாரமாக ஏறியது. அவள் சாய்வதற்குள் அவன் முடியைப் பிடித்தான். எந்த மேடையிலும் முடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்து, இழுத்து, சுற்றி, பாய்க்கு வெளியே மணலில் முகம் குப்புற வீசினான்.

"விழுந்தாச்சு," என்றான். "போய்க் கூட்டிட்டு வா."

"விழுந்தவ எந்திரிக்காம இருந்தாத்தான்டா கணக்கு," என்று வாயிலிருந்த மணலைத் துப்பினாள் ஒரதை.

எழுந்திருக்க அவன் விடவில்லை. விலாவில் உதைத்தான். மறுபடி அதே இடத்தில் உதைத்தான். உள்ளே ஏதோ பட்டென்று விட்டது, அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. வட்டத்தில் நரைத்த கிழவி ஒருத்தி பதறி எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்தவன் அவள் தோளைத் தட்டி, நடிப்புதான் என்று சொல்லி உட்கார வைத்தான். நாலைந்து பேர் கை தட்டினார்கள். மானோப்பின் குரல் மைக்கில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு இன்னும் வேகமாகப் பெண் சக்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பாவி, அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

அடுத்த உதைக்கு வந்த காலை ஒரதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். விடவில்லை. பாதத்தை முறுக்கிக்கொண்டே உருண்டாள். பன்யாட் மரம் சாய்வதுபோல் மல்லாக்க விழுந்தான். அவன் எழுவதற்குள் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

அதன்பிறகு நடந்தது சண்டை இல்லை. முழங்கையை மடக்கி அவன் புருவத்தின் மேல் இறக்கினாள். தோல் பிளந்து, ரத்தம் கண்ணை மூடியது. அடுத்தது மூக்கு. கை வழியாகவே எலும்பு நொறுங்குவது தெரிந்தது. அவன் கையால் முகத்தை மூடினான். அந்தக் கைகளின் மேலேயே அடித்தாள். ஒரு பல் துணியைத் துளைத்து அவள் விரல் முட்டியில் ஏறி அங்கேயே நின்றது. ஜியாப்பின் காதுக்கு, ஜியாப்பின் கழுத்துக்கு, ஒவ்வொரு தடவையும் ஜியாப் முகம் கழுவிக்கொண்டு திரும்பிப் போன அந்த வாசலுக்கு என்று அடித்தாள். கொஞ்ச நேரத்தில் யாருக்காக அடிக்கிறோம் என்பதே மறந்துபோனது. அடிப்பது இனித்தது. வருஷக் கணக்காகப் பொய்யடி அடித்த கைக்கு நிஜ அடி அத்தனை இனிப்பாக இருந்தது. அதை நினைத்து அவள் வெட்கப்படவும் இல்லை.

வட்டத்தில் கைதட்டல் நின்றுபோயிருந்தது. செல்போன்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஒரதை எழுந்து நின்றாள். மூச்சு விடும்போதெல்லாம் விலா கத்தியாகக் குத்தியது. பன்யாட் எழவில்லை.

"முடிஞ்சுது," என்றாள். "இனிமே இந்தத் தீவுப் பக்கம் வராத."

பன்யாட் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். வாயிலிருந்த ரத்தத்தைப் பக்கவாட்டில் வழிய விட்டான். சிரித்தான்.

"எந்தச் சத்தியம்கா? எங்க ஆசான் போன மழைக்கே செத்துட்டாரு. செத்தவர் மேல பண்ணது சத்தியமா? நாளைக்கு வருவேன். நீ இதுங்களுக்கு மூச்சு விடச் சொல்லிக்குடுக்கிற நேரமாப் பாத்து வருவேன். எத்தனை நாள் காவல் இருப்ப?"

முவாய்க்காரன் சத்தியத்தை மீறுவான் என்பது ஒரதையின் கணக்கிலேயே இல்லை. இவன் இருக்கிறவரைக்கும் வருவான். வந்து மண்டி போடுவான். ஜியாப் அவன் பின்னால் போவாள். அவன் நடக்கவே முடியாமல் ஆனால்தான் இது முடியும். அவனுடைய வலது முழங்கால் மணலில் கொஞ்சம் மடங்கிக் கிடந்தது. குதிகாலை அதன் மேல் இறக்கினால் போதும், வாழ்நாள் முழுக்க ஊன்றுகட்டைதான். ஒரதை காலைத் தூக்கினாள்.

"அக்கா, நிறுத்து."

ஜியாப் வட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு. புல் நறுக்கிய பச்சை அவள் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. அவள் பின்னால் சம்லி அக்கா மூச்சு வாங்க நின்றாள்.

தங்கை பன்யாட்டின் தலைமாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தாள். மேடையில் சண்டை முடிந்ததும் எதிராளியின் மூலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் இவள் மேல்துணி முனையை நனைத்து அவன் முகத்தையும் துடைக்க ஆரம்பித்தாள். ஒரதைக்கு நெஞ்சு உடைந்துபோனது. விலா உடைந்ததைவிட அதுதான் வலித்தது. இத்தனை அடியும் ரத்தமும் வீண். மறுபடி போகப் போகிறாள்.

பன்யாட்டும் அப்படித்தான் நினைத்தான். வீங்கிய உதட்டோடு ஒரதையைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தான்.

"நீங்க ரெண்டு பேரும் என்னை வச்சுப் பந்தயம் கட்டினீங்களாமே," என்றாள் ஜியாப். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "சம்லி அக்கா சொன்னாங்க."

"அது வெளாட்டுக்குடி," என்றான் பன்யாட். "வா, படகுக்கு நேரமாச்சு."

ஜியாப் அவன் தலையை மடியிலிருந்து எடுத்து மணலில் மெதுவாக வைத்தாள். சொம்பை ஓரமாக வைத்தாள். எழுந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேவரை தூக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் பன்யாட்டுக்குப் புரிந்தது. "ஏய், வேணாம்," என்றான். அவன் குரல் கீச்சென்று போனது. உருண்டு விலகப் பார்த்தான். உடம்பு அவனுக்கு ஒத்துழைக்கவில்லை.

ஜியாப் அவன் தலையைத் தாண்டினாள். அவசரப்படவில்லை. ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்து, பாவாடை விளிம்பு அவன் நெற்றியை உரசிப் போக, அடுத்த காலையும் எடுத்து வைத்தாள்.

சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படகுக்காரர்கள் கடல் பக்கமாகத் திரும்பி நின்றார்கள். யந்திரம் குத்திய ஆண் தலையைப் பெண் தாண்டக் கூடாது. பெண்ணின் பாவாடை காயும் கொடிக்கு அடியில் அவன் குனிந்துகூடப் போகக் கூடாது. போனால் முதுகில் இருக்கிற அத்தனை எழுத்தும் வெறும் மை. கத்தி பாயும், குத்து ஏறும், அவனைவிடச் சின்னப் பையன் அடித்தாலும் விழுவான். ஒரு தடவை மந்திரம் ஓதிக் கட்டியதை இன்னோர் ஆசானிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எதனால் போயிற்று என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விருந்தாளிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அழகான முடிவு என்று நினைத்தார்கள்போல. எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பன்யாட் அழுதான். புருவம் பிளந்தபோது அழாதவன், மூக்கு நொறுங்கிய பிறகும் சிரித்தவன், இரண்டு கையாலும் முதுகைத் தேடித் தடவிக்கொண்டு தாயில்லாப் பிள்ளைபோல் அழுதான்.

"என்னைக் கொன்னுட்டியேடி."

"ஒரு பாவாடையத் தெரியாம வாசக்கொடில போட்டதுக்கு என் காத ஒடச்ச," என்றாள் ஜியாப். "நீ அதுக்கடியில நடந்துட்டேன்னு. நெனப்பிருக்கா? அன்னிக்கு நான் வேணும்னு செய்யல. இன்னிக்கு வேணும்னே செஞ்சேன். எந்திரிச்சுப் போ. இனிமே என்னத் தொடணும்னா உன் மேல எந்தக் காவலும் இல்லாமத்தான் தொடணும்."

அவன் போனான். யாரும் கை கொடுத்துத் தூக்கவில்லை. நாலு காலில் பாயைத் தாண்டி, பிறகு தென்னை மரத்தைப் பிடித்து எழுந்து, படகுத்துறைப் பக்கமாகத் தள்ளாடிப் போனான். எதிரே ஒரு கொடியில் விருந்தாளிகளின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கடியில் போகப் பயந்து, முள்வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

மானோப் மைக்கை அணைத்துவிட்டு ஓடி வந்தான். முகமெல்லாம் வேர்வை. "ஒரதை, ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா. செலவு என்னுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தத் தலையத் தாண்டுற மாதிரி ஒண்ணு... சும்மா, நடிப்பா... அடுத்த வாரமும் வச்சுக்கலாமா?"

"உங்க தலையக் குடுங்க மொதலாளி, வச்சுக்கலாம்," என்றாள் ஜியாப்.

மானோப் தலையில் கை வைத்துக்கொண்டு விலகிப் போனான்.

ஒரதை மணலில் உட்கார்ந்துவிட்டாள். நிற்க முடியவில்லை. ஜியாப் மிச்சத் தண்ணீரை அவளிடம் நீட்டினாள். ஒரதை வாங்கிக் குடித்து, கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவப்பாகப் போனது.

"நீ விழுந்திருந்தா என்னக்கா பண்ணிருப்ப?" என்று கேட்டாள் ஜியாப். "கையப் புடிச்சு அவன்கிட்டக் குடுத்திருப்பியா?"

'இல்லை' என்று சொல்ல ஒரதைக்கு வாய் வந்தது. ஆனால் அவளும் முவாய்க்காரி. சொன்ன சொல் சொன்னதுதான் என்று நம்புகிறவள். விழுந்திருந்தால் கொடுத்திருப்பாள், அழுதுகொண்டே கொடுத்திருப்பாள். அது புரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பன்யாட் அடித்தான். அவள் பந்தயம் வைத்தாள். ஜியாப்பைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வாய் திறந்து மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை. அதனால், வீங்கிப்போன இரண்டு கைகளையும் ஒன்று சேர்த்து, தங்கையைப் பார்த்து நெற்றிவரை தூக்கப் போனாள்.

ஜியாப் பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்து, பலமாகக் கீழே அழுத்தினாள்.

"ஐயோ, என்னக்கா பண்ற? பெரியவ கும்பிட்டா எனக்கு ஆயுசு கொறஞ்சிரும். இப்பத்தான் அது என் கைக்கு வந்திருக்கு."

அழுத்திய பிடியை அவள் விடவில்லை. ஒரதைக்கு விரல் முட்டியெல்லாம் உயிர்போகிற வலி. அப்படியே இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.